நான்காவது சோடி

சனிக்கிழமைகளில் என் வாய் சும்மா இருக்காது. சுவிசில், பாடன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஓட்டச் சப்பாத்துக் கடையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். முதல் ஐந்து வருடம் கீழே களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். பிறகு மேலே வந்து சனத்தின் காலைப் பார்க்கத் தொடங்கினேன். சனிக்கிழமை வருகிறவர்களில் பாதிப்பேர் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். போன வாரம் யாரோ ஒரு சாதனைக்காரன் போட்டு ஓடிய சப்பாத்துத் தங்களுக்கும் வேண்டும் என்பார்கள். உள்ளே காபன் தகடு, குதிகாலுக்குக் கீழே இரண்டு விரல் உயரத்துக்கு மெத்தென்ற நுரை, நடுவில் ஒடுங்கிய அடி. அதைப் போட்டுப் பறக்கிறவன் முன்பாதத்தில் இறங்குகிறவன். இவர்கள் குதியில் இறங்கி, முப்பதாவது கிலோமீற்றரில் களைத்து, கணுக்காலை உள்ளே விழுத்திக்கொண்டு வருகிறவர்கள். அது உமக்குச் செய்த சாமான் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். கொஞ்சம் பதமாகக் கதைக்கும்படி முதலாளி என்னை இரண்டு தரம் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

காபன் தகடே கூடாது என்று நான் சொல்வதில்லை. சாதாரண ஓட்டக்காரனைத் தாங்குகிற காபன் சப்பாத்தும் இருக்கிறது. அடி அகலமாக இருக்க வேண்டும். நுரை சற்று இறுக்கமாக இருக்க வேண்டும். குதியின் இரண்டு பக்கமும் எழும்பி வந்து காலைப் பிடிக்க வேண்டும். பெருவிரலால் ஒரு பக்கத்தை அழுத்தினால் மற்றப் பக்கம் சரியக் கூடாது. இப்படிப் பார்த்துப் பார்த்து எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சப்பாத்துப் பார்ப்பதில் என்னை மிஞ்ச இந்த மாநிலத்தில் ஆளில்லை என்று ஒரு எண்ணம் எனக்கு. அந்த எண்ணம்தான் கனகரத்தினத்தின் விடயத்தில் என் கண்ணை மறைத்தது.

கனகரத்தினமும் நானும் ஞாயிறு காலைகளில் லிம்மாட் ஆற்றங்கரையில் ஓடுகிறவர்கள். ஒரு காலத்தில் ஆறு தமிழர் ஓடினோம். ஒருவனுக்கு முழங்கால், ஒருவனுக்குப் பேரப்பிள்ளை, ஒருவனுக்குக் காலையில் எழும்பப் பஞ்சி என்று குறைந்து குறைந்து கடைசியில் நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம். அவன் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்தான். ஐம்பது வயது. மரதன் ஓட்டத்தை நான்கு மணித்தியாலத்துக்குள் ஒரு தரமாவது ஓடி முடிக்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. போன வருடம் மூன்று நிமிடத்தில் தவறவிட்டான். அந்த மூன்று நிமிடத்தைப் பற்றி அவன் கதைக்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

மாசியில் ஒருநாள் முழங்காலில் ஒரு பெரிய பிளாஸ்டரோடு கடைக்கு வந்தான். இணையத்தில் வாங்கிய காபன் சப்பாத்து ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, இதைப் போட்டுக்கொண்டு ஓடி விழுந்துவிட்டேன் என்றான். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். ஒடுங்கிய அடி, பஞ்சு மாதிரிக் குதி. விழாமல் என்ன செய்வாய் என்று அவனைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் ஆளிருக்கும்போது இணையத்தில் போய் வாங்கினதுக்கு வேறாக ஏசினேன். அவன் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எங்கள் கடையிலேயே அடி அகலமான ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கே அவனுடைய கால் பலமிழந்து போய்க்கொண்டிருந்தது. நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் திரும்ப வந்தான். இந்த முறை உள்ளங்கை உரசியிருந்தது. அகலமான அடியிலும் விழுந்தானென்றால் நுரை இன்னும் மெத்தென்று இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அதைவிட இறுக்கமான, குதி தாழ்ந்த ஒன்றைக் கொடுத்தேன். சித்திரையில் மறுபடியும் வந்தான். அன்றைக்கு அவனை ட்ரெட்மில்லில் ஏற்றி, பின்னாலிருந்து படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். கணுக்கால் நேராகத்தான் நின்றது. வலது காலின் நுனி மட்டும் ஒவ்வொரு எட்டுக்கும் பட்டியில் உரசிக்கொண்டு போனது. அதை நான் கண்டேன். கண்டும், பஞ்சிப்படாமல் காலைத் தூக்கி ஓடு என்று அதட்டினேன். அவன் ஓமென்று தலையாட்டி இன்னொரு தரம் ஏறி ஓடினான். முகமெல்லாம் வேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் காலைத் தூக்கத் தெண்டித்தான். தூக்க முடியாத காலைத் தூக்கு என்று என் சிநேகிதனை நான் அதட்டினேன். இதை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

மூன்றாவது சோடி எங்கள் கடையில் இருந்த காபன் சப்பாத்துகளிலேயே உறுதியானது. இதிலும் விழுந்தாயென்றால் பிழை உன்னில்தான் என்று பகிடியாகச் சொல்லி அனுப்பினேன்.

வைகாசி நடுப்பகுதியில், ஒரு மதிய இடைவேளையில், அந்தச் சோடியோடு வந்தான். விழுந்ததாகச் சொல்லவில்லை. நாடா முடிச்சு அவிழ்ந்து அவிழ்ந்து போகிறது, வேறு நாடா இருக்கிறதா என்று கேட்டான். நான் இரண்டு சப்பாத்தையும் கவிழ்த்து மேசையில் வைத்தேன். இடது அடி புதிதாக இருந்தது. வலதில் பெருவிரலுக்கு முன்னால் றப்பர் முழுதும் தேய்ந்து, நுரையும் தேய்ந்து, உள்ளே காபன் தகட்டின் கறுப்பு விளிம்பு தெரிந்தது. ஒரு மாதத்தில் எந்த ஓட்டக்காரனும் அப்படித் தேய்ப்பதில்லை. நிலத்தில் இழுபடுகிற கால்தான் அப்படித் தேய்க்கும்.

அவனைக் கதிரையில் இருக்கச் சொல்லி, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினேன். வலது கெண்டைக்கால் இடதில் முக்கால்வாசிகூட இல்லை. மூன்று தரம் அவனுடைய காலடியில் குந்தியிருந்து சப்பாத்துப் போட்டுவிட்டவன் நான். பதினாறு வருடமாகக் கணுக்காலுக்குக் கீழேயே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியவில்லை.

"கனகு, இது சப்பாத்தில்லையடா. நீ டொக்டரிட்டப் போக வேணும்" என்றேன்.

அவன் காற்சட்டையை இறக்கிவிட்டான்.

"போயிட்டன்."

"எப்ப?"

"தை மாசம்."

நான் முதல் சோடி கொடுத்தது மாசியில். அதற்கு முன்னமே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மார்கழியில் வேலைத்தலத்தில் காரணமில்லாமல் இரண்டு தரம் விழுந்திருக்கிறான். சூரிச் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். தசைகளில் ஊசி குத்தி, மின்சாரம் விட்டு, தலையைப் படமெடுத்து, கடைசியில் ஒரு நீளமான பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். தசையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிற வருத்தம். முதலில் கால், பிறகு கை, பிறகு விழுங்குவது, பிறகு மூச்சு. மருந்து இல்லை. இரண்டு வருடமும் ஆகலாம், நான்கும் ஆகலாம். பஸ் நேர அட்டவணை வாசிப்பதுபோல அவன் இதையெல்லாம் சொல்லி முடித்தான்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகைக்கு முன்னால் எனக்கு எப்போதும் அதுதான் வரும். தெரிந்துகொண்டு என்னத்துக்கடா என்னிடம் வந்து சப்பாத்துக் கேட்டாய், என்னை விசரனாக்கினாயா என்று கத்தினேன். அவன் நான் கத்தி முடியும்வரை காத்திருந்தான்.

"அங்க எல்லாரும் என்ர காலைப் பாத்துத்தான் தலையை ஆட்டுறாங்கள். நீ ஒராள்தான் பிழை சப்பாத்தில எண்டு சொன்னனீ. வேற சோடி போட்டால் சரிவரும் எண்டனீ. நீ சொன்னால் நான் நம்புவன் தானே. ஒரு கிழமை நம்பிக்கொண்டு திரிவன். பிறகு விழுவன். பிறகும் உன்னட்ட வருவன்."

நான் அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடையில் வேறு யாரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. அவன் அழவில்லை. தன் மனைவி சஜீதாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்றான். அவர்களுடைய ஒரே மகள் லக்சாயினிக்கு அந்த மாதக் கடைசியில் மத்தூரா சோதனை தொடங்குகிறது. அதில் சித்தியடைந்தால்தான் பல்கலைக்கழகம். வாய்மொழிச் சோதனைகளும் முடிய ஆனி நடுப்பகுதி ஆகிவிடும். அதுவரை வீட்டில் யாரும் அறியக் கூடாது.

இதை நான் அவனுக்குப் பிழையென்று சொல்லவில்லை. வீட்டில் சாவே விழுந்தாலும் சோதனை முடியும்வரை பிள்ளைக்கு மறைக்கிற சனம் நாங்கள். பிள்ளைக்கு மறை, மனைவிக்காவது சொல் என்றுதான் கேட்டேன்.

"சஜீதாவுக்குத் தெரிஞ்சால் அவளின்ர முகத்தில நிக்கும். பிள்ளை ஒரு நிமிசத்தில கண்டுபிடிச்சிடுவாள். நீ ஒண்டும் கதைக்காதை. எனக்காக."

சரியென்று சொன்னேன். புது நாடா கோர்த்துக் கொடுத்தேன். இனி ஓடாதே என்றேன். ஓடவில்லை, ஞாயிறு காலையில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டால்தான் வீட்டில் சந்தேகம் வராது, ஆற்றங்கரையில் போய் அங்கே போட்டிருக்கிற மர வாங்கில் குந்தியிருந்துவிட்டு வருகிறேன் என்றான். அதன் பிறகு மூன்று ஞாயிறு நானும் அவனோடு போய் அந்த வாங்கில் இருந்தேன். வீட்டுக்குத் திரும்புகிற நேரம் வந்ததும் அவன் ஆற்றுத் தண்ணீரை அள்ளி, வேர்த்தவன்போல முகத்திலும் கழுத்திலும் பூசிக்கொள்வான்.

ஆனி முதற் சனிக்கிழமை சஜீதா கடைக்கு வந்தாள். அவள் ஒருநாளும் அங்கே வந்ததில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள், அமைதியான பெண். அவள் கையால் எத்தனையோ தரம் சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்குக் கடை நிறையச் சனம். நேராக வந்து, நான் கடைசியாகக் கொடுத்த சோடியைக் காகிதப் பையிலிருந்து எடுத்து மேசையில் போட்டாள். சப்பாத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

அதற்கு முதல்நாள் அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். ரயிலால் இறங்கி நிலையத்துப் படியில் வரும்போது கனகரத்தினம் முகம் குப்புற விழுந்துவிட்டான். கோயிலுக்கு வந்த தெரிந்த சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றதாம். குடித்துவிட்டு வந்தாரா என்று ஒருத்தி கேட்டாளாம். இதைச் சொல்லிவிட்டுச் சஜீதா அந்தச் சோடியை என் பக்கம் தள்ளினாள்.

"உள்ளதைச் சொல்லுங்கோ அண்ணை. மூண்டு சோடி குடுத்தனீங்கள், மூண்டிலயும் விழுந்திட்டார். பிழை சப்பாத்திலயோ, இவரிலயோ?"

அவள் என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னால் பிடித்துவிடுவாள் என்று பயந்தேன். அவளுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றும் இருந்தது. அது அவளுடைய புருசன். எஞ்சியிருக்கிற நாட்கள் அவளுடைய நாட்கள். அதில் சோதனை முடியும்வரை ஒன்பதையோ பத்தையோ எடுத்து ஒளித்து வைக்க நான் யார்? ஆனால் வாங்கில் இருந்து முகத்தில் தண்ணீர் பூசுகிறவனுக்கு நான் சரியென்று சொல்லியிருந்தேன்.

"சப்பாத்திலதான் தங்கச்சி," என்றேன். "நான் பாத்துக் குடுத்தது பிழை. அது அவருக்குப் பொருந்தாத சாமான்."

முதலாளி வந்து என்ன விடயம் என்று கேட்டார். இந்த அம்மாவின் கணவருக்கு நான் மூன்று தரம் பிழையான சப்பாத்து விற்றுவிட்டேன் என்று ஜேர்மன் மொழியில் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சஜீதாவிடம் மன்னிப்புக் கேட்டு, அவளுக்கு வேண்டிய வேறொரு சோடியைக் கொடுக்கச் சொன்னார்.

நான் களஞ்சியத்துக்கு இறங்கிப் போனேன். பெட்டிகளுக்கு நடுவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டுத் தேடினேன். பாரமில்லாத நடைச் சப்பாத்து ஒன்று, தட்டையான அகன்ற அடி, இழுபட்டாலும் நிலத்தில் கொளுவாதபடி நுனி சற்று மேலே வளைந்தது. நாடா இல்லாமல் இழுத்துப் போடுகிற வகை. இந்த நான்கு மாதத்தில் அவனுடைய காலுக்கென்று நான் எடுத்த முதல் சோடி அதுதான்.

சஜீதா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு நாடா இல்லையோ?"

"போடச் சுகம்" என்றேன்.

"இதைப் போட்டால் விழமாட்டாரோ?"

"ஓம். விழமாட்டார்."

அவள் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். இரண்டு மாதமாகத் தனக்கு நித்திரையே இல்லை என்றாள். வேறு ஏதோ பெரிய வருத்தம் என்று பயந்து, யாரிடமும் சொல்லவும் முடியாமல், பிள்ளையின் சோதனை முடியட்டும் என்று எல்லாவற்றையும் மனதுக்குள்ளே வைத்திருந்தாளாம். வந்த வேகத்தில் ஏசிவிட்டேன், குறை நினைக்காதையுங்கோ என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லி, கண்ணைத் துடைத்துச் சிரித்துக்கொண்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நிலையத்தின் பக்கம் போனாள். லக்சாயினியின் கடைசிச் சோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.