சம்மன் வாங்க ஓர் ஆள்

டெக்சாஸின் லாரெடோவில் லாரி வாங்குவது பெரிய காரியமில்லை. அதை மாநிலம் விட்டு மாநிலம் ஓட்ட அனுமதி வாங்குவதற்குள்தான் உயிர் போய்விடும். அந்த விண்ணப்ப வேலைதான் என் பிழைப்பு. அதனால், ஊரார் வண்டியை ஓட்டி அலுத்துப்போன என் அக்கா கணவர் எவுசேபியோ சொந்த வண்டி வாங்கியதும், ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரையும் கொண்டுவரச் சொன்னார். சும்மா யார் சோறு போடுகிறார்கள்?

விண்ணப்பத்தில் ஒன்றுதான் பாக்கி. யாராவது நம்மீது வழக்குப் போட்டால் நமக்காகச் சம்மனை வாங்கிக்கொள்ள, வண்டி ஓடும் ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் ஆளைக் காட்ட வேண்டும். வெளி மாநிலங்களுக்கு அதற்கென்றே கம்பெனி இருக்கிறது. டெக்சாஸுக்கு மட்டும் வீட்டு ஆளே போதும் என்றார் அத்தான். அந்த ஆள் தான்தான் என்று அம்பாரோ அக்கா முடிவே கட்டிவிட்டாள். கோர்ட்டு ஆள் தேடி அலையக் கூடாதென்று வீட்டு எண்ணைப் பெரிதாகக் கதவில் மாட்டியும் விட்டாள்.

அத்தான் மாட்டெலும்பு சூப்பைக் கிண்டியபடியே என்னிடம் சொன்னார். “டெக்சாஸுக்கு உன் பேரைப் போட்டுக்க, ஒஃபேலியா.”

அக்கா கையிலிருந்த சோளரொட்டித் தட்டை அப்படியே வைத்தாள். ஏன் என்று கேட்டாள். அவர் கோபமே இல்லாமல் விளக்கினார். சம்மன் வந்தால் உடனே சொல்ல வேண்டும், பதில் கொடுக்கக் கெடு உண்டு. இவளோ அதை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, அவர் வீடு திரும்பி, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகுதான் வாய் திறப்பாள்.

அதில் பொய்யில்லை. எங்கள் ஊர் லாரிக்கார வீடுகளில், சக்கரம் சுற்றும்போது கெட்ட சேதி சொல்ல மாட்டோம். கை நடுங்கினால் வண்டி கவிழும் என்ற பயம். அத்தானின் அம்மா இறந்தபோது அவர் லோடோடு டென்னசி மலையில் இருந்தார். சரக்கை இறக்கிய பிறகுதான் அக்கா சொன்னாள், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று. அவர் வந்து சேர்ந்தபோது அடக்கமே முடிந்திருந்தது.

“உன்மேல குத்தம் சொல்லலை,” என்றார் அத்தான். “உன் மனசு அப்படி. ஆனா இது தொழில்.”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பெயர்தானே என்று விடுகிறவள் இல்லை அவள். இந்த வண்டியில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்றுதானே இத்தனை வருஷம் காத்திருந்தாள்? எனக்கு அவரை நாலு கேட்க வேண்டும்போல இருந்தது.

அவளே பேசினாள். “வண்டி வாசல்லதானே நிக்குது?”

“ஆமா.”

“அப்ப கேட்டுக்க. உங்கம்மா தூக்கத்துல போகலை. முழிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. உன்னைத்தான் கேட்டாங்க. பக்கத்துல வந்துட்டான்னு பொய் சொன்னேன். வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. போனை எடுத்தேன், எவுசேபியோ. நீ மலை இறக்கத்துல இருப்பேன்னு வச்சிட்டேன்.”

அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். ஜன்னல் வழியே பார்த்தேன். புது வண்டியின் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். என்ன காரியம் செய்துவிட்டாள் இவள்! அக்கா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

அவர் உள்ளே வரும்போது முகமெல்லாம் ஈரம். முகத்தைத் துடைக்கவும் இல்லை. நாற்காலியை இழுத்து அக்காவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அவ பேரை எழுது, ஒஃபேலியா,” என்றார். “இதையே சொல்லிட்டா. இனி எதையும் சொல்லுவா.”