சும்மா கிடைக்கிற காற்று

தம்பியின் கைபேசியில் இருந்த அந்த வானிலைச் செயலியை அக்கா தன் விரலாலேயே அழித்தாள். வானிலை அலுவலகத்தில் காற்றின் வேகத்தை அளந்து அனுப்புவது அவளுடைய வேலை. அவளும் அவளைப் போன்றவர்களும் அனுப்புகிற கணக்கை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதை எடுத்துத்தான் ஒரு கம்பெனி மாதச் சந்தாவுக்கு விற்றுக்கொண்டிருந்தது.

"நாங்க சும்மா குடுக்கிறதுக்கு நீ காசு கட்டுறியா? அக்கா எதுக்குடா இருக்கேன்?"

"உங்க ஆபீஸ் மழைன்னு சொல்றதுக்குள்ள, நனைஞ்ச துணியே காஞ்சிடும்க்கா" என்று சிரித்தான். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில், கயிற்றில் தொங்கியபடி பெயின்ட் அடிப்பவன். சிரித்தாலும் அக்கா பேச்சைத் தட்டியதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, பத்து நாற்பதுக்குக் காற்றுமானி திடீரென்று எகிறியது. அவள் உடனே அனுப்பிவிட்டு அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் கைபேசியைக் கீழே பையில் வைத்துவிடுவான். மேஸ்திரியிடம்தான் எச்சரிக்கை வரும் கைபேசி இருக்கும் என்று நினைத்திருந்தாள். மேஸ்திரியும் இத்தனை நாள் இவனுடையதைத்தான் நம்பியிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. செயலியின் எச்சரிக்கை ஒலி கேட்டால் மட்டும் தம்பியின் பையைத் திறந்து பார்ப்பாராம்.

ஐந்தே நிமிடத்தில் கம்பெனியின் எச்சரிக்கை சந்தாதாரர்களுக்குப் போய்விட்டது. எதிர்க் கட்டடத்து ஆட்கள் இறங்கிவிட்டார்கள். அலுவலக அறிவிப்பு, அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது பதினொன்று இருபது. பதினொன்று ஐந்துக்கே அவன் விழுந்திருந்தான்.

"நீங்க கரெக்டான நேரத்துக்கு அனுப்பிட்டீங்கம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் அதிகாரி. அந்த வார்த்தை நெருப்பாகச் சுட்டது.

பதினாறு நாள் அவள் தம்பி வீட்டில்தான் இருந்தாள். வருகிறவர்களுக்குப் பதில் சொன்னாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. பதினேழாம் நாள் மத்தியானம், தம்பி மனைவி தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அவர் போன்ல அந்த மழை ஆப்பு இல்ல. நான்தான் செலவு கைமீறிப் போகுதுன்னு சதா புலம்பிட்டே இருந்தேன். அதனாலதான் எடுத்திருப்பாரு. நானே என் வாயால அவரை..."

 அக்கா பேசாமல் இருந்துவிட்டால் போதும். பாரம் மொத்தமும் இந்தப் பெண் தலையில் இறங்கிவிடும். அவளும் ஆயுசுக்கும் சுமப்பாள்.

"நீ இல்லம்மா. நான்தான் அழிச்சேன். எதுக்குக் காசு கட்டுறேன்னு கேட்டு, இந்தக் கையாலதான்."

தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது. இருவரும் எழவில்லை. செயலியை அழித்த அந்தக் கை இன்னும் தம்பி மனைவியின் கைக்குள்தான் இருந்தது. அவள் அதை விடவும் இல்லை, இறுகப் பற்றவும் இல்லை.