மக்காச்சோளக் காட்டில் தொங்கிய சி.டி.கள்

“டேய், பாட்டெல்லாம் எங்கடா?” செல்லதுரை போட்ட சத்தம் குரும்பலூர் பஸ் ஸ்டாப் வரை கேட்டிருக்கும்.

“கம்ப்யூட்டர்லதான் மாமா ஏத்துனேன்.”

“ஒண்ணாவது பாடுதா பாரு!”

துபாயில் வேலை பார்த்தபோது அவர் சேர்த்தவை நூற்று நாற்பது சி.டி. துளிச் சத்தம்கூடக் குறையாமல் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி, அக்காள் மகன் மகேஷிடம் கொடுத்திருந்தார். பெரம்பலூர் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறவன். செல்லதுரையின் மகள் பரிமளாவுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை வேறு. அவனோ சி.டி.யில் தெரிந்ததையெல்லாம் அப்படியே இழுத்துப் போட்டு ஒரே பகலில் முடித்துவிட்டான். அவை பாட்டுகள் அல்ல, பாட்டு சி.டி.யில் எங்கே இருக்கிறது என்று காட்டும் வெறும் குறிப்புகள். கடைசி சி.டி. உள்ளே இருக்கும்போதே சோதித்ததால் அது மட்டும் நன்றாகப் பாடியதாம்.

மறுபடி ஏற்றலாமே என்கிறீர்களா? கிளி விரட்ட அவற்றை மாமாவின் மக்காச்சோளக் காட்டில் கட்டிவிட்டான். வெயிலில் வெளுத்து, காற்றில் உரசி எல்லாம் கீறிப்போய்விட்டன.

“சென்டர்ல இதைத்தான் சொல்லிக் குடுக்குறீங்களா?” என்று பரிமளா மெதுவாகத்தான் கேட்டாள். மகேஷ் தலை நிமிரவில்லை.

முருங்கைக்கீரை பறிக்கிற சாக்கில் வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுக்காரி நானும் நிமிரவில்லை. “பளபளன்னு இருக்கே, காட்டுல கட்டுப்பா” என்று யோசனை சொன்னவளே நான்தான். என் காட்டுக்கும் பத்து கேட்டு வாங்கியிருந்தேன். அதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

தை மாதம் பரிமளாவை அரியலூரில் கட்டிக்கொடுத்தார்கள். மகேஷ் திருப்பூருக்குப் போய்விட்டான்.