கை எட்டாத இடம்

மின்கம்பத்தில் ஏறிச் சுற்றியிருந்த பூனைக்காலிக் கொடியைப் பிடித்து இழுத்தபோது, காய்களின் அரிப்பெடுக்கும் சுணை மொத்தமும் லைன்மேனின் சட்டைக் கழுத்துக்குள் கொட்டிவிட்டது. சாயங்காலத்துக்குள் முதுகு தடித்துச் சிவந்தது.

“கரண்டே தொடப் பயப்படுற ஆளை ஒரு கொடி தொட்டுடுச்சே!” என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, வேனில் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள்.

“ஒட்டாதுப்பா” என்று சொல்லிப் பார்த்தார். யாரும் நகர்ந்து வரவில்லை.

மருந்துக்கடைப் பெண் களிம்பைக் கொடுத்தாள். “நடு முதுகுக்குக் கை எட்டாதுண்ணே. வீட்டுல யாரையாவது தடவிவிடச் சொல்லுங்க.”

“சொல்றேம்மா.”

மனைவி போய்ச் சேர்ந்தபின் அந்த மாடி அறையில் யாரிடம் சொல்வது? வெளியூரிலிருக்கும் மகள் போனில் பேசுவதோடு சரி. மேலிருந்து கையை விட்டார், கீழிருந்து விட்டார்; உள்ளங்கையளவு இடம் மட்டும் அகப்படவே இல்லை. கடைசியில் களிம்பைக் கதவு நிலையில் அப்பி, எருமை மாதிரி முதுகைத் தேய்த்துக்கொண்டார்.

காலையில் ஹவுஸ் ஓனர் மாடியேறி வந்தார். கீழே தனியாக இருப்பவர். தண்ணீர் மோட்டார் சண்டையைத் தவிர இருவருக்கும் வேறு பேச்சு கிடையாது.

“என்னய்யா இது? இப்பத்தான் பெயின்ட் அடிச்சேன், நிலையில சுண்ணாம்பு பூசி வெச்சிருக்கே?”

“களிம்புங்க. துடைச்சிடறேன்.”

“களிம்பா? நிலைக்கு எங்கய்யா வலிக்குது?”

லைன்மேன் திரும்பித் துடைக்கத் தொடங்கினார். பனியனுக்கு மேலே தெரிந்த முதுகைப் பார்த்ததும் ஓனரின் குரல் இறங்கிவிட்டது.

“அந்த டியூபை இப்படிக் குடு.”

“இது ஒட்டாதுங்க. இருந்தாலும்...”

“ஒட்டினா ஒட்டிட்டுப் போகுது. பனியனைக் கழட்டு.”

இன்னொரு மனிதரின் விரல் மேலே பட்டு எத்தனை காலமாயிற்று! லைன்மேன் நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். திட்டிக்கொண்டே படியேறி வருகிறவரையும் கடவுள்தான் அனுப்பிவைக்கிறார்.

பிறகு தினமும் காலையில் அந்தச் செருப்புச் சத்தம் மேலே வந்தது. களிம்போடு மோட்டார் பேச்சு வந்தது. அப்புறம், ஓனரை எட்டிப் பார்க்காத மகனைப் பற்றிய பேச்சும்.

ஒருநாள் அரிப்பு அடியோடு நின்றது. லைன்மேன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தோல் வழுவழுவென்றாகி, ஓனரின் விரல்கள் தடையில்லாமல் போய்வருவது அவருக்கே தெரிந்தது. தடவுகிறவருக்குத் தெரியாமலா இருக்கும்?

“எப்படிங்க இருக்கு?” என்று பயந்துகொண்டே கேட்டார்.

ஓனர் இன்னொரு முறை முதுகில் விரலை ஓட்டினார்.

“இன்னும் கொஞ்ச நாள் போடணும்போல இருக்கேய்யா.”

“டியூப் தீர்ந்துபோச்சுங்களே.”

ஓனர் சட்டைப்பையிலிருந்து புது டியூப் ஒன்றை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.