ஆடி முடிந்து எட்டாம் நாள்

ஆடி பிறந்ததும் விஜய் தன் மனைவி அனுசுயாவைச் சேக்காட்டில் அவள் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டான். கல்யாணமாகி ஐம்பது நாள். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடியில் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. மாமியார் அங்கம்மா அவனுக்குச் சேமியா பாயசம் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் வண்டி ஏற்றி அனுப்பினாள்.

மறுநாள் நாலரைக்கு மகளைத் தட்டி எழுப்பினாள்.

"இருவத்திமூணு நாளுதான் கீது. எந்திரி."

அரசுத் துறை ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் நான்கு இடம். எண்ணூறு மீட்டரை இரண்டு நிமிடம் பதினான்கு விநாடிக்குள் ஓட வேண்டும். தேர்வு ஆடி இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை. அடுத்த அறிவிப்பு வரும்போது அனுசுயாவுக்கு வயது தாண்டியிருக்கும்.

ஐயப்பன்தாங்கலில் இருக்கும் அவள் மாமியார் சாமுண்டீஸ்வரிக்கு இது தெரியாது. விஜய்க்கும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு அப்புறமும் ஓடட்டும் என்று பெண் பார்க்க வந்த அன்று சொன்னவர்கள்தான். எங்கே, எப்போது என்று அவர்கள் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

மைதானத்தில் ஜஸ்டின் கடிகாரம் பிடித்தான். முன்பு அவளோடு பயிற்சி எடுத்தவன். இப்போது ஆவடி ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். முதல் நாள் இரண்டு நிமிடம் முப்பத்தொன்று.

"இன்னா அனு, கல்யாணச் சாப்பாடு கால்ல எறங்கிடுச்சா? என் ஆட்டோ ரிவர்ஸ்லயே உன்ன முந்திடும்."

"வாய மூடிகினு டைம் பாரு."

ஓடும்போது தாலி எகிறி முகத்தில் அடித்தது. சட்டைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொண்டாள். வியர்வையில் கயிற்றின் மஞ்சள் இறங்கிச் சட்டை கறையானது. அங்கம்மா அம்பத்தூர் கம்பெனியில் தரை துடைத்துவிட்டு வந்து அந்தக் கறையைத் தேய்த்தாள். தினம் இரண்டு முட்டை அவித்து வைத்தாள். பக்கத்து வீட்டில் கேட்டால் ஒரே பதில் வைத்திருந்தாள்.

"வாக்கிங் போவுது. ஒடம்பு வெச்சிடுச்சாம்."

ஆடி இருபத்திரண்டில் இரண்டு நிமிடம் பதின்மூன்று. ஜஸ்டின் கடிகாரத்தைக் காதருகே வைத்துப் பார்த்தான்.

"நல்லாத்தான் ஓடுது. நீயுந்தான்."

அன்று மாலை செல்போனில் ஒற்றை வரி வந்தது. மழை காரணமாகத் தேர்வு இரண்டு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது. அங்கம்மா காலண்டரில் புதுத் தேதியைத் தேடினாள். ஆவணி எட்டு.

"ஒரு வாரம் கூட இங்கயே இருந்துட்றேன்மா."

"ஆடி முடிஞ்சும் பொண்ணு தாய் ஊட்ல இருந்தா தெரு இன்னா சொல்லும்? தொரத்தி உட்டாங்கன்னு சொல்லும். அப்பன் இல்லாத ஊடு வேற."

ஆவணி ஒன்றாம் தேதி சாமுண்டீஸ்வரி பூவும் புடவையுமாக வந்தாள்.

"இன்னா சம்பந்தி, மருமக இப்டிக் கறுத்துட்டா?"

"மொட்ட மாடில வத்தல் காய வெச்சா" என்றாள் அங்கம்மா.

ஐயப்பன்தாங்கலில் மூன்றாவது மாடி வீடு. பால் வாங்க, குப்பை போட, வாங்க மறந்ததை வாங்க என்று அனுசுயா ஒரு நாளைக்குப் பதினைந்து முறை படி ஏறி இறங்கினாள். இவளுக்கு மறதி ஜாஸ்தி என்று மாமியார் போனில் யாரிடமோ சொன்னாள்.

மூன்றாம் நாள் அனுசுயா தேர்வைப் பற்றி விஜயிடம் சொன்னாள். அவன் மண்ணூர்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை அப்படியே நின்றது.

"கவர்மெண்ட் வேலையா? இத ஏன் முன்னாடியே சொல்லல? நானே வண்டில கூட்டிகினு போறேன்."

வியாழக்கிழமை சாமுண்டீஸ்வரி விருந்துக்கு நாள் குறித்தாள். ஆடி முடிந்து வந்த மருமகளுக்கு. ஆவணி எட்டு, ஞாயிறு காலை, இருபது பேர். சம்பந்தியும் சீர்த்தட்டோடு வர வேண்டும்.

"அம்மா எல்லாரையும் கூப்டுடுச்சு" என்றான் விஜய். "நா இன்னா பண்றது? நீ வேணா சொல்லிப் பாரேன்."

அவள் மாமியாரிடம் சொல்லவில்லை. மாடிப்படியில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"ஆடில என் ஊட்ல இருந்த. ஓட வெச்சேன். அது என் பொறுப்பு. இப்ப அவங்க ஊட்ல கீற. இருவது பேரு முன்னாடி உன் பொண்ணு எங்கன்னு என்னத்தான் கேப்பாங்க. போவாதடி."

"நெஜமாவாம்மா சொல்ற?"

அங்கம்மா போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு நாலரைக்கு உடம்பே எழுப்பியது. விஜய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்குகிறவன் மூச்சு இல்லை அது. அவள் அனுமதிச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது.

டிப்போவிலிருந்து முதல் பஸ் வந்தது. அவளைப் பார்த்து டிரைவர் வேகத்தைக் குறைத்தார். இருபது பேர் நடுவில் அம்மா தட்டோடு நிற்பது அவள் கண்முன் வந்தது. கையைத் தூக்கவில்லை. பஸ் போனது. பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு மேலே வந்தாள்.

எட்டரைக்கு முதல் சுற்று. அப்போது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதரைக்கு அங்கம்மா வந்தாள். புதுப் புடவை, கையில் பழத்தட்டு. கூடத்தில் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுச் சமையலறை வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

"போவலயா?"

"நீதானே போவாதன்ன."

அங்கம்மா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பெத்தவ அப்டித்தான்டி சொல்லணும். நா 'போ'ன்னு சொல்லி நீ போனா அது என் பொறுப்பாயிடும். நீயே போயிருப்பன்னு நெனச்சேன். இவங்களுக்கு இன்னா பதில் சொல்றதுன்னு ஆட்டோல வழியெல்லாம் யோசிச்சிகினு வந்தேன். நல்ல பதிலா ஒண்ணு வெச்சிகினுதான் படி ஏறினேன்."

அனுசுயா அவளையே பார்த்தாள்.

"சம்பந்தி, அங்க இன்னா ரகசியம்? வந்து உக்காருங்க" என்று சாமுண்டீஸ்வரி கூப்பிட்டாள். "அனு, எல்லாருக்கும் காபி போடு."

அங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி கூடத்துக்குப் போனாள்.

அனுசுயா பாலை அடுப்பில் வைத்தாள். இருபது டம்ளர் எடுத்து வரிசையாக வைத்தாள். அம்மாவுக்கு எடுக்கவில்லை.