எல்லா நோய்க்கும் அதே ஐந்து

என் கணினி நிரல் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து புள்ளி எடுத்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆர்.என்.ஏக்களில் புரதம் செய்யாத வகை ஒன்று உண்டு. அவை சும்மா இருப்பதில்லை. மரபணுக்களை அதட்டி அடக்குவதே அவற்றின் வேலை. எது எந்த நோயோடு தொடர்புடையது என்று இதுவரை கண்டவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, இன்னும் காணாத தொடர்பை என் நிரல் ஊகிக்கும். நான் கேட்டது சிறுநீரக நோயைப் பற்றி.

மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவப் பக்கம் அந்த நோய் சத்தமில்லாமல் வருகிறது. இரத்தத்தில் தெரியவரும்போது சிறுநீரகம் பாதி போயிருக்கும். என் அண்ணன் ஹுஸ்னி நானா பத்து வருடமாக அங்கே நெல் வாங்குகிறார், அங்குள்ள கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார். போன வருடம் அவருடைய கூட்டாளி அந்த நோய் முற்றி மௌத்தானார். முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஓர் ஆர்.என்.ஏவை நான் தேடியது உலகத்துக்காக என்றால் பொய். நானாவுக்காகத்தான் தேடினேன்.

அவர்தான் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய் நோயாளிகளும் நலமானவர்களுமாக அறுபது பேரைச் சம்மதிக்க வைத்து, தன்னுடையதோடு சேர்த்துச் சிறுநீர் மாதிரிகள் வாங்கித் தந்தார். ஒவ்வொரு மாதிரியும் ஐந்து ஆர்.என்.ஏக்களைச் சோதிக்கத்தான் போதும். எந்த ஐந்து என்ற பட்டியல் திங்கட்கிழமை ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும்.

சனிக்கிழமை மாத்தளை வீட்டில் நிரலை நானாவுக்குப் பெருமையாகக் காட்டினேன்.

"எல்லாம் தெரிஞ்ச மிஷின்தானே? உம்மாட முழங்கால் நோவையும் கேளு பாப்பம்," என்றார்.

நானும் விளையாட்டாக மூட்டுவாதம் என்று தட்டினேன். அதே ஐந்து பெயர்கள் வந்தன. ஆஸ்துமா என்று தட்டினேன். வரிசைகூட மாறவில்லை.

"எல்லாத்துக்கும் பனடோல் குடுக்குற டொக்டர் மாதிரி ஈக்கி," என்று நானா சிரித்தார். நான் அவர் மேல் எரிந்து விழுந்துவிட்டு, லெப்டொப்போடு அறைக்குள் போய் அழுதேன்.

தவறு சீக்கிரமே பிடிபட்டது. பேர்போன ஆர்.என்.ஏக்களைத்தான் எல்லாரும் ஆராய்கிறார்கள். அதனால் தரவில் அவற்றுக்குத்தான் தொடர்புகள் அதிகம். என் நிரல் நோயைப் பார்க்கவே இல்லை, பேரைப் பார்த்து வாக்குப் போட்டிருந்தது. நிரலைச் சோதித்த பரீட்சைக் கேள்விகளும் அதே தரவிலிருந்து வந்ததால் புள்ளிகள் குவிந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிறு முழுக்கத் திருத்தினேன். பேர்போனவற்றின் எடையைக் குறைத்தேன். சிறுநீரகச் செல்களில் உண்மையிலேயே வேலை செய்பவற்றுக்கு முதலிடம் கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு நோய்க்கும் வேறு வேறு பெயர்கள் வந்தன. சிறுநீரகப் பட்டியலில் நான்கு பெயர்கள் மாறின. புள்ளியோ எழுபத்தெட்டுக்கு விழுந்தது.

என் ஆய்வை வழிநடத்தும் டொக்டர் சிவநந்தினி, தொண்ணூற்றைந்தை ஏற்கெனவே கூட்டமொன்றில் பெருமையாகச் சொல்லியிருந்தார். பயந்துகொண்டே அழைத்துச் சொன்னேன்.

"எழுவத்தெட்டு நெஜந்தானே?"

"நெஜம் டொக்டர்."

"அப்ப புதுப் பட்டியலயே அனுப்புங்க ஜஸ்லா. கூட்டத்துல நான் சொல்லிக்கிறேன்."

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. புதிய நான்கில் ஒன்று, நோயாளிகள் எல்லாருடைய மாதிரியிலும் கூடியிருந்தது. தமக்கு ஒன்றுமில்லை என்று நம்பியிருந்த மூன்று பேரிடமும் கூடியிருந்தது. அவர்களில் ஒருவர் நானா. வேறு சோதனைகளிலும் நானாவுக்கு நோய் தொடங்கியிருப்பது உறுதியானது.

"இப்பதான் ஆரம்பம். தண்ணிய மாத்துங்க, பிரஷர கவனிங்க, மருந்த விடாதீங்க. இதோட நிறுத்தப் பாக்கலாம்," என்றார் கிளினிக்கில் நானாவைப் பார்த்த டொக்டர். மற்ற இருவரும் கிளினிக்குக்கு வர மறுப்பதாகவும் சொன்னார்.

வெளியே வந்ததும் நானா கேட்டார்: "பழைய லிஸ்ட அனுப்பியிருந்தா எனக்குத் தெரிஞ்சீக்குமா?"

"இல்ல நானா. அதுல இது இல்ல."

அவர் ஹெல்மெட்டை மாட்டினார்.

"எங்க போறீங்க?"

"வில்கமுவவுக்கு. அந்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாறேன். எனக்கும் ஈக்கின்னு சொன்னா நம்புவாங்க."