முத்துவும் முத்துமாரியும்

எங்கள் ஊரில் படகுக்குப் பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பிள்ளைச்சாவடிக் கரையில் பாதிப் படகுகளுக்கு அம்மன் பெயர், மீதிக்கு வீட்டுப் பிள்ளைகளின் பெயர். 'முத்து' என்று ஒரு படகு, 'முத்துமாரி' என்று இன்னொன்று. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள்தான் நான். இப்போது சிரிப்பு வருவதில்லை.

என் பெயர் கார்குழலி. முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. படித்த படிப்புக்கு ஊருக்கு உருப்படியாக ஏதாவது செய்யலாமே என்று மீன் ஏலக்கூடத்தில் ஒரு பெரிய ஸ்கிரீன் மாட்டிக் கொடுத்தேன். கடலில் இருக்கும் ஒவ்வொரு படகுக்கும் அதில் ஒரு கட்டம். கட்டத்தின் தலைப்பில் படகின் பெயர், உள்ளே, படகில் பொருத்திய கருவி சொல்லும் அதன் இடம். தரையில் டைல்ஸ் ஒட்டியதுபோல இடைவெளியே இல்லாமல் கட்டங்களை அடுக்கித் தரும் மென்பொருள் அது. டைலிங் விண்டோ மேனேஜர் என்பார்கள். மவுஸ் கிடையாது. செதிலும் உப்புத்தண்ணீருமான கைகளுக்கு மவுஸ் ஒரு வாரம் தாங்காது. ஒரு படகு கரையேறியதும் ஏலக்கூடத்துச் செம்மல் அண்ணன் எனக்குப் போனில் சொல்வார். நான் ஆபீசில் உட்கார்ந்தபடியே கட்டளையை டைப் செய்து அதன் கட்டத்தை மூடுவேன். ஒன்றை மூடினால் மற்றவை தாமாகப் பெரிதாகி அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு கர்வம்.

ஸ்கிரீன் வந்த பிறகு மணலில் நின்று படகுகளை எண்ணுவதை விட்டுவிட்டார்கள். ஸ்கிரீன் காலியானால் எல்லோரும் வந்தாயிற்று என்று அர்த்தம். அப்படிச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்குக் காற்று திசை மாறியது. கடலில் பதினான்கு படகுகள். எல்லாம் அடித்துப்பிடித்துக்கொண்டு கரைக்குத் திரும்பின. செம்மல் அண்ணன் மூச்சு விடாமல் பெயர்களை அடுக்கினார்.

"முத்து வந்துடுச்சு. அடுத்து கடல்ராணி. போட்டுக்கினியா?"

"மூடிட்டேண்ணே. சொல்லுங்க, சொல்லுங்க."

பதினொன்றரைக்கு ஸ்கிரீன் காலி. அப்பாடா என்று டீ குடிக்கப் போனேன்.

எங்கள் ஆபீஸ் தெருமுனையில் மீன் விற்பவர் அஞ்சம்மாள். என் ஊர்தான், உறவு முறையில் அத்தை. முத்துமாரி அவர் மகன் கலைச்செல்வனின் படகு. அவனும் அவன் மச்சான் வெற்றிச்செல்வனும் அதில் போவார்கள். பன்னிரண்டரை மணிக்கு அஞ்சம்மாள் அத்தை வந்து ஆபீஸ் வாசலிலேயே நின்றார். கையில் மீன் தண்ணீர் சொட்டியதால் உள்ளே வரவில்லை.

"பாப்பா, கலை போனு எடுக்க மாட்டேங்குறான். கரைக்கு வந்துட்டானா, கொஞ்சம் பாத்து சொல்லு."

ஊருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஸ்கிரீனில் என்ன இருக்கிறது என்று ஒரு கட்டளை கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"வந்துட்டாங்க அத்த. ஸ்கிரீன்ல ஒரு போட்டுகூட இல்ல. பயப்படாம வியாபாரத்தப் பாருங்க."

"நீ சொன்னா சரிதான்," என்று போய்விட்டார்.

மூன்று மணிக்குச் செம்மல் அண்ணன் கூப்பிட்டார். "குழலி, கலையோட போட்டு கரையில எங்கியும் காணோம்."

காலையில் கொடுத்த கட்டளைகளின் பதிவைத் திறந்தேன். 'முத்து'வை மூடச் சொன்ன ஒரே வரிக்கு இரண்டு கட்டங்கள் மூடியிருந்தன. வெறுமனே முத்து என்றால் அந்த எழுத்துகள் வரும் எல்லாப் பெயர்களையும் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும். முத்துமாரியிலும் முத்து இருக்கிறது. இந்தப் பெயரை மட்டும் என்று சொல்ல, முன்னால் ஒரு குறியும் பின்னால் ஒரு குறியும் போட வேண்டும். எல்லா நாளும் போடுவேன். அன்று அவசரத்தில் விட்டுவிட்டேன். அங்கே ஸ்கிரீனில் இரண்டு கட்டங்கள் போன இடத்தை மற்றவை உடனே நிரப்பிக்கொண்டன. ஓர் ஓட்டை விழுந்திருந்தாலாவது யாராவது என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள்.

கட்டத்தை மறுபடி திறந்தேன். படகிலிருந்த கருவி கடைசியாக இடம் சொன்னது பன்னிரண்டு பத்துக்கு. அந்த இடத்துக்கு நான்கு படகுகள் விரைந்தன. ஐந்து மணிக்கு முன்பே டீசல் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்த வெற்றியை உயிரோடு கொண்டுவந்தார்கள். இன்னொரு படகில் கலைச்செல்வனின் உடல் வந்தது.

வெற்றி மணலில் கிடந்தபடியே சொன்னான். "இஞ்சின் நின்னுபோயி போட்டு கவுந்துடுச்சு. ரெண்டு மணி வரைக்கும் பேசிக்கினுதான் இருந்தான். ஸ்கிரீன்ல நம்ம பேரு நிக்கும்டா, குழலி பாத்துடும், ஆள அனுப்பும்னு சொல்லிக்கினே இருந்தான்."

ஊரார் காற்றைத் திட்டினார்கள், இஞ்சினைத் திட்டினார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செம்மல் அண்ணனிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "சொல்லி என்னா ஆவப் போவுது, வுட்டுடும்மா" என்றார். விட முடியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை அஞ்சம்மாள் அத்தை வீட்டுக்குப் போனேன்.

"அத்த, அன்னிக்கி கலையோட போட்டு பேர ஸ்கிரீன்லேருந்து எடுத்துட்டது நான்தான். முத்துவ எடுக்கறதுக்கு, ரெண்டு குறி போடாம வுட்டுட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். பிறகு, "எழுதிக் காட்டு," என்றார்.

ஒரு தாளில் எழுதினேன்: ^முத்து$

விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். முத்து என்பதைப் படிக்க முடிந்தது. விரல் முதல் குறிக்கும் கடைசிக் குறிக்கும் மாறி மாறிப் போனது.

"இது ரெண்டும் எழுத்தே இல்லியே."

"இல்ல அத்த."

"நீ வந்துட்டாங்கன்னு சொன்னப்புறம் நான் போயி உக்காந்து மீன் வித்தேன். சிரிச்சி பேசிக்கினு வித்தேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"எழுந்து போ. இனிமே என் மூஞ்சில முழிக்காத."

வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"வெற்றி நாளைக்கி கடலுக்குப் போறான். ஸ்கிரீன நிறுத்திடாத."